இடுப்பு மூட்டும் சைக்கிளும்: மிதிப்பது எளிது, ஏறி இறங்குவதுதான் சிக்கல்

தமிழில் இடுப்பு என்றால் எந்த இடம்? வேட்டி கட்டும் இடமும் இடுப்புதான், குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளும் இடமும் இடுப்புதான். நாற்று நட்டுவிட்டு நிமிர்கிறவர் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்கிற முதுகின் அடிப்பகுதிக்கும் அதே பெயர்தான். ஆனால் மருத்துவர்கள் ‘ஹிப்’ என்று சொல்கிற மூட்டு இந்த மூன்று இடத்திலும் இல்லை. அது தொடை இடுக்கில், சதைக்குப் பின்னால் ஆழத்தில் இருக்கிறது. முழங்காலைப் போல அமுக்கிப் பார்க்க முடியாது, வீங்கினாலும் வெளியே தெரியாது. அதனால் “இடுப்பு வலிக்குது” என்று போய் நின்றால் முதுகுக்குத்தான் முதலில் படம் எடுப்பார்கள். எனக்கு ஒன்றரை வருடம் அப்படித்தான் போனது.

சரியாகச் சொன்னால், எனக்கு வலி தொடங்கியது இடுப்பிலேயே இல்லை, வலது முழங்காலில். வீடு வேலூரில் தொரப்பாடி, வேலை காட்பாடியில் ஒரு பள்ளிக்கூடம். இருபத்தாறு வருடம் பாலாற்றுப் பாலம் வழியாகச் சைக்கிளில்தான் போய்வந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கணியம்பாடி பக்கம் திரும்பி அமிர்தி காட்டு ரோடு. முழங்கால் வலித்ததும் சைக்கிள்தான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். முழங்காலுக்கு எக்ஸ்ரே, ஒரு களிம்பு, ஒரு உறை. அப்புறம் வலி தொடைக்கு ஏறியதும் முதுகுக்கு ஸ்கேன். டிஸ்க் கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது என்றார்கள். ஐம்பது வயது தாண்டிய பலருடைய ஸ்கேனில் வலியே இல்லாமல் அப்படி இருக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

உண்மையைக் காட்டிக்கொடுத்தது நகவெட்டி. ஒரு நாள் வலது கால் நகத்தை வெட்ட உட்கார்ந்தால் கை பாதத்துக்கு எட்டவில்லை. இடது கால் நகத்தை எளிதாக வெட்டினேன். வலது காலை எந்தப் பக்கம் மடக்கினாலும் நாலு விரற்கடை மிச்சமிருந்தது. சாக்ஸ் போடுவதற்குச் சுவரில் சாய்ந்துகொள்ள ஆரம்பித்து மாதக்கணக்கில் ஆகியிருந்ததும் அப்போதுதான் உறைத்தது. இதைச் சொன்னதும் மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர் என்னை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, பாதத்தை மட்டும் வெளிப்பக்கமாகத் தள்ளினார். தொடை இடுக்கில் கத்தி குத்தியதுபோல் இருந்தது. தொடை உள்பக்கமாகத் திரும்பும் அசைவு அது. இடுப்பு மூட்டு கெடும்போது முதலில் பறிபோவதும் அதுதான். அன்றைக்கே இடுப்புக்கூட்டுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது பக்கம் பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே ஒரு கறுப்பு இடைவெளி தெரிந்தது. வலது பக்கம் அது இல்லை, எலும்பு எலும்போடு ஒட்டிக் கிடந்தது.

முழங்காலில் ஏன் வலித்தது என்றால், இடுப்பு மூட்டுக்குப் போகும் நரம்புகளில் ஒன்று முழங்காலுக்கும் கிளை விடுகிறது. செய்தி எந்தக் கிளையிலிருந்து வருகிறது என்று மூளையால் சரியாகப் பிரிக்க முடிவதில்லை. ஆகவே முழங்கால் வலிக்கிறது, ஆனால் முழங்கால் படத்தில் பெரிதாக எதுவும் இல்லை என்றால் இடுப்பு மூட்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தொடை இடுக்கில் வலி, சம்மணம் போட முடியாமல் ஒரு தொடை மட்டும் தூக்கிக்கொண்டு நிற்பது, ஆட்டோவில் ஏறக் காலைக் கையால் தூக்கி வைப்பது, எங்கே வலிக்கிறது என்று கேட்டால் கட்டைவிரல் பின்னாலும் மற்ற விரல்கள் முன்னாலுமாக இடுப்பின் பக்கவாட்டைக் கவ்விக் காட்டுவது, இவையெல்லாம் அந்த மூட்டின் மொழி.

இந்த மூட்டு செய்யும் வேலையைத் தெரிந்துகொண்டால்தான் சைக்கிளுக்கும் அதற்கும் உள்ள உறவு புரியும். தொடை எலும்பின் தலை ஒரு பந்து. இடுப்பெலும்பில் அதற்கொரு கிண்ணம். இரண்டின் மேலும் சில மில்லிமீட்டர் தடிமனில் குருத்தெலும்பு. பனிக்கட்டியின் மேல் பனிக்கட்டி வழுக்குவதைவிட எளிதாக வழுக்கும் பரப்பு அது. ஆனால் அதில் ரத்தக்குழாய் கிடையாது. அதனால் தேய்ந்தால் மறுபடி வளராது. எங்கள் வீட்டில் வாரம் இரண்டு நாள் முடக்கத்தான் தோசை உண்டு. உடம்புக்கு நல்லது, ருசியும் தனி. ஆனால் தேய்ந்துபோன குருத்தெலும்பை அதுவோ, தைலமோ, மாத்திரையோ திரும்பக் கொண்டுவராது.

இப்போது நடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலைத் தூக்கி வைக்கும் நேரத்தில் மொத்த உடம்பும் இன்னொரு கால் மூட்டின் மேல் நிற்கிறது. உடம்பின் பாரம் மூட்டிலிருந்து தள்ளி, உடம்பின் நடுவில் தொங்குகிறது. அது சாய்ந்துவிடாமல் இழுத்துப் பிடிக்கும் பக்கவாட்டுத் தசையோ மூட்டுக்கு வெளியே, மிகப் பக்கத்தில் இருக்கிறது. சீசாவில் பெரியவர் ஒருவர் நடுக்கட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசி முனையில் இருக்கும் பையனைத் தூக்க எவ்வளவு அழுத்த வேண்டும்? அந்தக் கதைதான். உடல் பாரமும் தசையின் இழுப்பும் சேர்ந்து மூட்டில் இறங்குகின்றன. பெர்லினில் கேயார்க் பெர்க்மன் குழுவினர் செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுகருவி வைத்து அளந்தார்கள். சாதாரண நடையில் உடல் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. 70 கிலோ ஆளுக்கு ஒவ்வோர் அடிக்கும் 175 கிலோ. கால் தடுக்கித் தடுமாறும் நொடியில் 7, 8 மடங்கு, அதாவது அரை டன்.

சைக்கிளில் சீட் பாரத்தை வாங்கிக்கொள்கிறது. கால் தரையில் மோதுவதில்லை, வட்டமாகச் சுற்றுகிறது. நடையைவிட மூட்டில் இறங்கும் சுமை நன்றாகவே குறைவு. மண்டித் தெருவில் ஒரு மூட்டை வெங்காயம் வாங்க நூறு அடி நடக்க முடியாதவனால் முப்பது கிலோமீட்டர் சைக்கிளில் போக முடிவது இதனால்தான்.

இது வரமும்தான், ஏமாற்றுவேலையும்தான். “இவ்வளவு தூரம் மிதிக்கிறேனே, மூட்டு எப்படிக் கெட்டிருக்கும்?” என்று நான் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அதற்குள் இரண்டு காரியம் நடந்துவிட்டது. சைக்கிளில் கால் எப்போதும் மடங்கியே இருக்கும். தொடை உடம்புக்கு நேராகவோ பின்னாலோ போவதே இல்லை. ஆகவே மூட்டு நிமிரும் திறனை இழந்தது எனக்குத் தெரியவில்லை. நிற்கும்போது முன்பக்கம் கூனி, அதைச் சரிக்கட்ட முதுகு வளைந்து, முதுகுவலியும் சேர்ந்துகொண்டது. இரண்டாவது, மிதிக்கிற அசைவு முன்னும் பின்னும்தான். உடம்பைப் பக்கவாட்டில் சாயாமல் பிடிக்கும் தசைக்கு அதில் வேலையே இல்லை. தொடை பருத்து உறுதியாக இருந்தது, அந்தத் தசை மட்டும் கரைந்துகொண்டே போனது. நான் நொண்டி நடந்ததற்கு வலி பாதிக் காரணம், அந்தத் தசை பாதிக் காரணம். மூட்டு சந்தேகம் உள்ள சைக்கிள்காரர்கள் எத்தனை கிலோமீட்டர் மிதிக்க முடிகிறது என்று கணக்குப் பார்க்காமல், எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது என்று பார்க்க வேண்டும்.

ஐரோப்பாவில் இடுப்பு மூட்டு மாற்றுவதற்கு வயதான தேய்மானம்தான் பெரும்பாலும் காரணம். நம் ஊரில் முழங்கால் தேய்மானம் அதிகம், இடுப்பு மூட்டில் அந்த வகைத் தேய்மானம் ஒப்பிட்டால் குறைவு. இங்கே முப்பது, நாற்பது வயதுக்காரர்கள்கூட இடுப்பு மூட்டு மாற்றப் படுத்துக்கொள்வதற்குப் பெரிய காரணம் பந்துக்குப் போகும் ரத்த ஓட்டம் நின்று எலும்பு செத்துப்போவது. பந்தின் வடிவம் நசுங்கியதும் குருத்தெலும்பும் போய்விடும். ஸ்டீராய்டு மருந்தும், வருடக்கணக்கான குடியும் இதற்கு வழி செய்கின்றன. கொரோனாவுக்கு ஸ்டீராய்டு வாங்கியவர்களிடம் பின்னால் இது தென்படுவதை மருத்துவர்கள் கவனித்தார்கள். மூட்டுவலிக்கு என்று பெயர் ஒட்டாத பொட்டலத்தில் விற்கும் பொடிகளைப் பற்றி நான் கடுமையாகவே சொல்வேன். மூன்றே நாளில் வலி பறந்தால் அதற்குள் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு உண்டு. தொடாதீர்கள்.

இன்னொரு காரணம் விழுவது. சைக்கிளிலிருந்து பக்கவாட்டில் விழுந்தால் தொடை எலும்பின் கழுத்து உடையலாம். பந்துக்கு ரத்தம் அந்தக் கழுத்து வழியாகத்தான் போகிறது. அமெரிக்க சைக்கிள் பந்தய வீரர் ஃப்ளாய்ட் லாண்டிஸ் 2003-ல் இப்படி விழுந்தார், எலும்பு சேர்ந்தது, பந்து செத்தது. அந்த மூட்டோடு 2006 டூர் டி பிரான்ஸ் முழுவதையும் மிதித்தார், அந்தச் செப்டம்பரிலேயே மூட்டுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். ஊக்கமருந்துக்காக அவருடைய பட்டம் பறிக்கப்பட்டது வேறு விஷயம். நடக்க முடியாத மூட்டும் மிதிக்க விடும் என்பதற்கு அவரைவிடப் பெரிய உதாரணம் இல்லை.

பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989-ல் பிரிந்து, 2019-ல் வேலூரும் மூன்று மாவட்டங்களாகிவிட்டது. ஆனால் எலும்பு என்றால் இங்கே ஆட்கள் கிளம்பும் திசைகள் மாறவில்லை. புத்தூர், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி, ஊருக்குள் பெரிய ஆஸ்பத்திரி. என் சித்தப்பாவும் “புத்தூர் கட்டு ஒண்ணு போட்டுப் பாருடா” என்றார். அவர் மணிக்கட்டு அங்கே கட்டித்தான் சேர்ந்தது, அந்த நம்பிக்கை அவருக்கு. உடைந்த எலும்பை அசையாமல் பிடிப்பதுதான் கட்டின் வேலை. குருத்தெலும்பு தேய்ந்த மூட்டுக்கு அசைவை நிறுத்துவது நேர் எதிரான வைத்தியம். தொடைக் கழுத்து உடைந்திருந்தால் தாமதமே கூடாது. பந்து பிழைக்குமா என்பது எவ்வளவு சீக்கிரம் ஆஸ்பத்திரி போய்ச் சேர்கிறோம் என்பதைப் பொறுத்தும் இருக்கிறது.

கெட்ட மூட்டை எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைக்கும் அறுவைச் சிகிச்சை எப்போது? எக்ஸ்ரே மட்டும் அதைச் சொல்லாது. இரவில் திரும்பிப் படுத்தால் விழிப்பு வருகிறதா, தினமும் வலி மாத்திரை இல்லாமல் முடியவில்லையா, பத்து நிமிட நடைக்கே உட்கார இடம் தேடுகிறதா, இவைதான் தீர்மானிக்கும். அதுவரை எடையைக் குறைப்பது, பிசியோ சொல்லும் பயிற்சி, கைத்தடி. தடியை வலிக்கிற பக்கம் பிடிப்பவர்கள்தான் அதிகம், அது தவறு. வலது மூட்டு வலித்தால் இடது கையில் பிடிக்க வேண்டும். அப்போதுதான் அந்தப் பக்கவாட்டுத் தசை இழுக்க வேண்டிய இழுப்பு குறைந்து மூட்டுப் பாரம் இறங்கும். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி சில மாதம் வலியை ஆற்றும். ஆனால் அதைப் போட்ட மூன்று மாதத்துக்குள் மூட்டை மாற்றினால் சீழ் பிடிக்கும் ஆபத்து கூடும் என்பதால் இரண்டுக்கும் இடைவெளி விடுவார்கள். சர்க்கரையையும் சொத்தைப் பல்லையும் முன்பே சரிசெய்யச் சொல்வது இதே பயத்தால்தான்.

வைக்கிற மூட்டின் கதை ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேய மருத்துவரிடம் தொடங்குகிறது. அவர் முதலில் கிண்ணத்துக்கு டெஃப்லான் வைத்தார். வழுவழுப்பாகத்தான் இருந்தது, ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் தேய்ந்து, தூளைச் சுற்றி உடம்பு கொந்தளித்தது. நூற்றுக்கணக்கானவர்களுக்கு வைத்ததைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. அடுத்து வந்த பாலிஎத்திலீனை நம்புவதற்கு முன் இரண்டு பொருளின் தூளையும் தன் தொடையிலேயே ஊசியால் செலுத்திக்கொண்டு பார்த்தார். டெஃப்லான் போன இடத்தில் கட்டி திரண்டது, பாலிஎத்திலீன் போன இடத்தில் இல்லை. 1962 நவம்பரில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் அந்த மூட்டை வைத்தார். இன்று உலகம் முழுவதும் வைக்கப்படும் மூட்டு அதன் வாரிசு. தன் உடம்பில் சோதித்துப் பார்த்துவிட்டுப் பிறருக்கு வைத்த அந்த மனிதரை நான் ஒவ்வொரு முறை மாடிப்படி ஏறும்போதும் நன்றியோடு நினைக்கிறேன்.

பாலிஎத்திலீனும் தேயும். அதன் நுண்தூள் வருடக்கணக்கில் சேர்ந்து சுற்றியுள்ள எலும்பை அரிக்கும், அதனால் மூட்டு தளரும். 1990-களின் கடைசியில் வந்த புது வகைப் பாலிஎத்திலீனில் தேய்மானம் பெரிதும் குறைந்தது. பந்து செராமிக், கிண்ணத்தின் உள்ளுறை இந்தப் பாலிஎத்திலீன், எலும்புக்குள் போகும் தண்டு டைட்டானியம் என்பது இப்போது பரவலாக உள்ள சேர்க்கை. எனக்கும் அதுதான். உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டுகள் ஒரு காலத்தில் இளவயதுக்காரர்களுக்கு விரும்பி வைக்கப்பட்டன. உலோகத் துகள் ரத்தத்தில் கலந்த சிக்கலால் அதில் ஒரு வகையை 2010-ல் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றார்கள். பந்தை வெட்டாமல் தொப்பி மட்டும் மாட்டும் முறை இன்றும் உண்டு. டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரி 2019-ல் செய்துகொண்டது அதுதான். எல்லோருக்கும் பொருந்துவதில்லை.

எத்தனை வருடம் வரும் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். 2019-ல் லான்செட் இதழில் பல நாட்டுப் பதிவுகளைச் சேர்த்து வெளிவந்த ஆய்வின்படி, இடுப்பு மூட்டு மாற்றியவர்களில் ஏறக்குறைய 58 சதவீதம் பேருக்கு 25 வருடம் தாண்டியும் அதே மூட்டு நிற்கிறது. அவை கால் நூற்றாண்டுக்கு முன் வைத்த, பழைய பொருளால் ஆன மூட்டுகள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சைக்கிள் மிதித்தால் சீக்கிரம் தேய்ந்துவிடுமா என்ற பயம் எனக்கு நிறைய இருந்தது. ஓடுவதையும் குதிப்பதையும் வேண்டாம் என்கிற மருத்துவர்களே நீச்சலையும் சைக்கிளையும் தாராளமாக அனுமதிக்கிறார்கள். காரணம் மேலே சொன்ன சுமைக் கணக்குதான்.

பணம் பெரிய விஷயம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. அதில் எந்த வகை மூட்டு வரும் என்பதைச் சேரும் முன்பே ஆஸ்பத்திரிக் காப்பீட்டு மேசையில் கேட்டுக்கொள்ளுங்கள். அறுவை முடிந்ததும் மூட்டுப் பெட்டியில் வந்த ஸ்டிக்கர்களை நோயாளிச் சீட்டில் ஒட்டுவார்கள். அதற்கு ஒரு பிரதி வாங்கி வையுங்கள். இருபது வருடம் கழித்து யாராவது அதைத் திறக்க வேண்டி வந்தால், என்ன பொருள், என்ன அளவு என்று அந்தச் சின்னக் காகிதம்தான் சொல்லும்.

அறுவை முடிந்த மறுநாளே வாக்கரைப் பிடித்து நடக்க வைத்தார்கள். கெண்டைக்காலில் ரத்தம் உறையாமல் இருக்க அது அவசியம். முதல் அடியிலேயே தெரிந்தது, அந்தப் பழைய வலி இல்லை. தையல் வலித்தது, மூட்டு வலிக்கவில்லை. ஆனால் பின்பக்கமாகத் திறந்து மூட்டு வைத்தால் தொடக்கத்தில் ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை மூன்று விதி: இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, பாதத்தை உள்பக்கம் திருப்பிக்கொண்டு உடம்பை முறுக்கக் கூடாது. மீறினால் பந்து கிண்ணத்தை விட்டு நழுவலாம். முன்பக்கமாகத் திறந்தால் கட்டுப்பாடு குறைவு. நம் வீடுகள் தரையில் வாழும் வீடுகள். சாப்பாடு தரையில், காய் நறுக்குவது தரையில், கழிப்பறையில் குந்த வேண்டும். வீட்டில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலி எனக்குத் தாழ்வு. பிசியோ தங்கச்சி ஒருவர் சொன்னபடி இரண்டு நாற்காலியை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி உட்கார்ந்தேன். உயரம் சரியாக வந்தது. மூன்று மாதம் அதுதான் என் இருக்கை. கல்யாணப் பந்தியில் தரையில் உட்கார்வதையும், கோயிலில் விழுந்து கும்பிடுவதையும் நான் நிரந்தரமாகவே விட்டுவிட்டேன். படிக்கட்டில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில் என்பதை மட்டும் பேருந்துக்காகவே மனப்பாடம் செய்தேன்.

அறுவை ஒன்றரை மணி நேரம், பயிற்சி ஆறு மாதம் என்பதை வேலூர்க்காரர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த இந்த ஊர் மருத்துவர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து 1966-ல் பாகாயத்தில் அதற்கென ஒரு நிலையம் அமையக் காரணமாக இருந்தார். கத்தி வைத்தவர் வேலையை முடித்த பிறகு உடம்புக்காரர் செய்ய வேண்டிய வேலை பாக்கி இருக்கிறது என்பதை இந்த ஊர் அப்போதே அறிந்தது.

இனி சைக்கிள். நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளை, சீட்டை உயர்த்தி, சுமை வைக்காமல் நான்காவது வாரத்தில் தொடங்கச் சொன்னார்கள். முதல் நாள் ஐந்து நிமிடம். முழுச் சுற்று வராமல் அரைச் சுற்று முன்னே, அரைச் சுற்று பின்னே. ரோட்டுக்கு மூன்று மாதம் ஆனது. ஒவ்வொருவருக்கும் காலம் மாறும், மருத்துவர் சரி என்ற பிறகுதான்.

மிதிப்பதில் சிக்கலே இல்லை. ஏறுவதில்தான் எல்லாம் இருக்கிறது. நாம் சைக்கிள் ஏறுவது எப்படி? இடது காலைப் பெடலில் வைத்து, இரண்டு உந்து உந்தி, வலது காலைப் பின்னால் வீசி கேரியருக்கு மேலாகச் சுற்றிப் போடுவோம். குரங்குப் பெடல் போட்ட வயதிலிருந்து பழகிய அசைவு. வலது மூட்டு புதிதாக இருப்பவருக்கு அந்த வீச்சில் கால் விரிகிறது, பின்னால் போகிறது, திரும்புகிறது, மூன்றும் ஒன்றாக. இடது மூட்டு புதிதாக இருந்தால் மொத்த உடம்பும் அந்த ஒற்றைக் காலில் தொங்கியபடி முறுக்குகிறது. பார் வைத்த பெரிய சைக்கிளை அதனால் முதல் வருடம் தொடவே கூடாது.

என் மகள் பதினோராம் வகுப்பில் வாங்கிய அரசு இலவச சைக்கிள் வீட்டில் துருப்பிடித்துக் கிடந்தது. 2001-ல் தொடங்கிய திட்டம் அது, மாணவிகளுக்குக் கொடுப்பது பார் இல்லாத லேடீஸ் சைக்கிள். வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, தாழ்ந்த சட்டத்தின் மேலாக வலது காலைத் தரையை ஒட்டியே கடத்தி அந்தப் பக்கம் வைத்தால் போதும், வீச்சு தேவையில்லை. தொரப்பாடியில் எங்கள் தெருவில் விடிகாலை ஐந்தரை மணிக்கு, இரண்டு பாதமும் தரையில் இருக்க, நான் சட்டத்துக்கு நடுவில் நின்றேன். மனைவி பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டாள். “ஏங்க, அவசரப்படாதீங்க, நான் விடமாட்டேன்” என்றாள். அந்த வண்டியில் மகளுக்கு அவள்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள், அன்றைக்கும் இதே வார்த்தைதான். இடது பெடலை மேலே நிறுத்தி மிதித்து, நகர்ந்ததும் சீட்டில் உட்கார்ந்தேன். தெருமுனை பால் பூத் வரை போய்த் திரும்பினேன். எண்பது அடி இருக்கும்.

பிறகு கடைக்கார அண்ணனிடம் வண்டியைச் சரிசெய்யக் கொடுத்தேன். சீட் தாழ்வாக இருந்தால் பெடல் மேலே வரும்போது தொடை வயிற்றை நோக்கி ஏறி மூட்டு 90 டிகிரியைத் தாண்டும். அதனால் சீட்டை உயர்த்தச் சொன்னேன். “இன்னா சார், சீட்ட ஏத்திட்டா நிக்கறப்போ கால் எட்டாதே” என்றார். அவர் சொன்னது சரிதான், உண்மையான இக்கட்டு அது. அதற்கு வழி கிராங்கை, அதாவது பெடலை நடு அச்சோடு இணைக்கும் தண்டை, மாற்றுவது. பெரியவர்கள் சைக்கிளில் பெரும்பாலும் 170 மில்லிமீட்டர் கிராங்க். 160 போட்டால் கீழே ஒரு சென்டிமீட்டர் குறையும், அதை ஈடுகட்டச் சீட்டை ஒரு சென்டிமீட்டர் உயர்த்துவோம். மேலே வரும்போதும் பெடல் ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்தே நிற்கும். ஆக தொடை ஏறும் உயரம் சீட்டைப் பொறுத்து இரண்டு சென்டிமீட்டர் குறைகிறது. சின்ன மாற்றம், மூட்டுக்குப் பெரிய நிம்மதி. ஹேண்டில்பாரையும் ஏற்றி நிமிர்ந்து உட்காருங்கள். இந்த விஷயத்தில் பால்காரர்கள் ஓட்டிய பழைய கறுப்புச் சைக்கிள் ரேசிங் சைக்கிளைவிட இடுப்புக்கு நல்லது, பார் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால். நிற்கும்போது சீட்டிலிருந்து முன்னால் சரிந்து இறங்கி இரண்டு காலும் ஊன்றப் பழகினேன். ஷூவைப் பெடலில் பூட்டும் வகை ஒருபோதும் வேண்டாம். அதைக் கழற்றக் குதிகாலை முறுக்க வேண்டும், அவசரத்தில் கழலாவிட்டால் அப்படியே பக்கவாட்டில் சாய்வோம்.

சில வாரம் வலது கால் நீளமாகிவிட்டதுபோல் எனக்குத் தோன்றியது. சில மில்லிமீட்டர் வித்தியாசம் வருவது உண்டு. ஆனால் முதல் மாதங்களில் பெரும்பாலும் இறுகிய தசைதான் அப்படிக் காட்டும். அவசரப்பட்டுச் செருப்புக்கு அட்டை வைக்க வேண்டாம் என்றார்கள். ஐந்தாவது மாதம் அந்த உணர்வு தானாகப் போனது.

பக்கவாட்டுத் தசைக்கு மட்டும் சைக்கிள் உதவாது என்று சொன்னேன் அல்லவா? அறுவைக்குப் பின்னும் அதே கதைதான். சைக்கிள் கிடைத்த சந்தோஷத்தில் நடையை விட்டால் நொண்டல் நிரந்தரமாகிவிடும். காலை கோட்டை அகழியோரம் அரை மணி நடை. ஒருக்களித்துப் படுத்து, மேல் காலை நேராக உயர்த்திப் பத்து எண்ணும் பயிற்சி. தொடக்க நாட்களில் முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்துக்கொண்டு. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கும்போது எதிர்ப்பக்க இடுப்பு தொங்காமல் நின்ற அன்றைக்குத்தான் கைத்தடியை விட்டேன். எட்டு மாதம் ஆகியிருந்தது.

மிச்சம் இருக்கும் ஒரே பெரிய பயம் விழுவது. உலோகத் தண்டு இறங்கிய தொடை எலும்பு விழுந்து உடைந்தால் அதைச் சேர்ப்பது சாதாரண முறிவைவிடக் கடினம். அதனால் சில ரோடுகளை விட்டேன். நெடுஞ்சாலை ஓரத்துச் சர்வீஸ் ரோட்டு மணல், பெயின்ட் அடிக்காத வேகத்தடை, கிரீன் சர்க்கிள் நெரிசலில் நொடிக்கொரு தரம் கால் ஊன்றுவது, விடியலில் துரத்தும் நாய்கள். ஏலகிரியின் 14 வளைவுகளில் ஏறுவது சின்னக் கியரில் இப்போதும் முடியும், இறங்குவதற்குத் துணிவில்லை, வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் இறங்குகிறேன். ஆனால் அமிர்தி ரோடு கிடைத்துவிட்டது. மலை தொடங்குகிற வரைதான். மரத்தடியில் இறங்கி, சைக்கிளைச் சாய்த்து, காலைத் தரையோடு கடத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவேன்.

வலியே இல்லை என்பதால் பலர் மறுபடி ஆஸ்பத்திரிப் பக்கம் போவதில்லை. மூட்டைச் சுற்றி எலும்பு அரிப்பது வெகுநாள் வலிக்காமல்தான் நடக்கும். படத்தில்தான் முதலில் தெரியும். என்னுடைய நான்கு எக்ஸ்ரேக்களும் தேதி வரிசையில், ஸ்டிக்கர் பிரதியோடு, ஒரு மஞ்சள் பையில் பீரோவுக்குப் பின்னால் இருக்கின்றன. அடுத்தது வருகிற தை மாதம்.